ஏழாம் இலக்க யன்னல்

கரைத்தீவு, புத்தளம்
12.02.2024

ஸம்ஹாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் மகளும் சுகம். அங்கே நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள், யானைத் தொல்லை இல்லாமல் நித்திரை கொள்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

போன ஹஜ்ஜுப் பெருநாளன்று நீங்கள் அங்கே வா என்றும் நான் இங்கே வாருங்கள் என்றும் போனில் இரண்டு பேரும் போட்ட சத்தத்துக்குப் பிறகு, இனிக் கடிதம்தான் என்று சொன்னவள் நான். எட்டு மாதமாக நீங்களும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. ரோசத்தில் என்னை வெல்லலாம் என்று நினைக்க வேண்டாம். எழுத ஒரு நல்ல சங்கதி இல்லாமல்தான் சும்மா இருந்தேன். இப்போது இருக்கிறது. தாளில் கத்த முடியாது, நடுவில் குறுக்கே விழ முடியாது, சிக்னல் தேடி நீங்கள் குளக்கட்டில் ஏறி நிற்கவும் தேவையில்லை. மீன் லொறி லோறன்ஸ் அண்ணன் கிழமைக்கு இரண்டு தரம் உங்கள் பக்கத்துச் சிலாவத்துறைக்கு வந்து போகிறாரே, அவரிடம் கேட்டேன். “மீனோட மீனாக் கொண்டுபோறன் தங்கச்சி, கடுதாசி நாறினா என்னைக் குறை சொல்லப்படாது” என்றார்.

பழைய றால் கம்பனியை உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. பதினாறு வயதில் அங்கே ஏழாம் மேசையில் நின்று றால் உரித்தவள் நான். ஐஸ் லொறியில் வந்து, சுவரில் இருந்த சதுர ஓட்டையால் ஐஸ் பெட்டியை உள்ளே தள்ளியவர் நீங்கள். ஐஸுக்கு மேலே ஒரு டொபி இருக்கும். மேற்பார்வைக்காரி கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. நோய் வந்து றால் எல்லாம் செத்த பிறகு முதலாளி சாஹுல் ஹமீது ஹாஜியார் கம்பனியைப் பூட்டினார். இருபது வருஷமாக அதில் வௌவால்தான் குடியிருந்தது. போன மாதம் எங்கள் பெண்கள் சங்கத்தைக் கூப்பிட்டார். ஒரு ஹோட்டல்காரன் நல்ல விலைக்குக் கேட்கிறானாம். “வித்தா என்ட புள்ளையள் கொழும்பில ஒரு வீடு வாங்குவாங்க. நீங்க முப்பது வருஷத்துக்கு மேல ஓலைக் கிடுகுக்குள்ள இரிக்கிறீங்க. எடுத்து வீடாக்கிக்கங்க, நான் கபுறுல நிம்மதியாப் படுப்பன்” என்றார்.

கட்டடம் முப்பது வருஷக் குத்தகைக்கு. உள்ளே சுவர் எழுப்ப, யன்னல் வெட்ட, கக்கூஸ் கட்ட, கொழும்பில் ஒரு நிதியம் கடன் தருகிறது. பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு குடும்பம். மாதத் தவணை, வருஷா வருஷம் நாம் கிடுகுக்கும் தகரத்துக்கும் கொட்டுவதைவிடக் கொஞ்சம்தான் கூட. தவணை ஒழுங்காக வந்தால், வருகிற பணத்தைக் கொழும்புக்கு எடுக்காமல் எத்தாளையில் மூடிக் கிடக்கும் கருவாட்டுக் கிட்டங்கியை வீடாக்கப் போடுவார்களாம். நிதியத்துப் பிள்ளை டிலுக்ஷி, சிலாபத்தாள், கையை ஆட்டி ஆட்டி இதைச் சொல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால், அங்கேயே வீடு எழும்பிவிடும் போல இருக்கும்.

நிபந்தனை ஒன்றுதான். வீடு எடுக்கிற எவருக்கும் வேறு எங்கேயும் அரசாங்கம் கொடுத்த வீடோ காணியோ இருக்கக் கூடாது. பன்னிரண்டு பேருக்கும் பன்னிரண்டு பேரும் பிணை. ஒருவர் சொன்னது பொய் என்றாலும் எல்லோருடைய கடனும் நிற்கும். சங்கத்துச் செயலாளர் என்று எல்லோருக்குமாகக் கையெழுத்து வைக்கப் போகிறவள் நான். ஊரை விட்டுத் துரத்தப்பட்டு வந்த எங்கள் ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும்: சோறு இங்கே, பெயர் அங்கே. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு ஊரிலும் பெயரை விட்டுவைப்போம். அதனால் கேட்கிறேன். நீங்கள் நம் பழைய ஊர் முசலிக்குத் திரும்பிப் போகும்போது, அங்கத்தைய குடியேற்றப் பட்டியலில் இருந்து என் பெயரை வெட்டச் சொல்லி ஒரு கடிதம் எழுதித் தந்தேனே, அதை அரசாங்கக் கந்தோரில் கொடுத்தீர்கள்தானே?

பதில் எழுதுங்கள். நல்ல வார்த்தையாக எழுதுங்கள்.

மர்ஷூதா


முசலி
03.03.2024

மர்ஷூ,

வஅலைக்கும் ஸலாம். உன் கடிதம் நாறத்தான் செய்தது. நான்கு தரம் வாசித்தேன். என் எழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், குறை பிடிக்காதே.

கிணற்றில் தண்ணீர் நல்லது. உவர் இல்லை. வாப்பா சொன்ன அதே இடத்தில்தான் தோண்டினேன், பதினெட்டு அடியில் ஊற்று. வாழை வைத்தேன், யானை தின்றது. திரும்ப வைத்தேன், திரும்பத் தின்றது. இப்போது முருங்கை வைத்திருக்கிறேன், அதற்கு விருப்பமில்லைப் போல.

கம்பனியை வீடாக்குகிறது நல்ல வேலைதான். நீ இறங்கினால் அது நடக்கும். எனக்குத்தான் அதற்குள் நீ திரும்பப் போய் நிற்பதை நினைக்க ஒரு மாதிரி இருக்கிறது. றால் முள் குத்தி உன் விரல் வெள்ளையாய் ஊறிக் கிடந்ததைப் பார்த்துத்தான் இவளை இந்த இடத்தை விட்டுக் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தேன். கொண்டுபோக எனக்கு இவ்வளவு காலம் எடுத்துவிட்டது.

உன் பெயரைப் பற்றி யோசிக்காதே. அதெல்லாம் சரியாக இருக்கிறது.

நோன்புக்குக் கருவாடு கொஞ்சம் லோறன்ஸிடம் கொடுத்திருக்கிறேன். மகளுக்குப் பாரைதான் விருப்பம், அதைத் தனியாகக் கட்டியிருக்கிறேன்.

றிஸ்மின்


கரைத்தீவு
09.08.2024

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். மச்சான் என்று எழுதிவிட்டு அஞ்சு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதி எவ்வளவு காலம்!

நீங்கள் வந்து பார்க்க வேண்டும். குளிர் அறைச் சுவரெல்லாம் உள்ளே ஒரு முழத்துக்குக் குளிர் காக்கப் போட்ட நுரைப் பஞ்சு. தலைமை மேசன் றொகான் பாஸ் முதல் ஓட்டை வெட்டிய அன்று, இருபது வருஷத்து இருட்டு வெளியே வந்தது போல ஒரு வாடை. மேசன்மார் மூன்று பேர் வெளியே ஓடிவிட்டார்கள். மழை பெய்தால் தரைக் கழிவுக் காணுக்குள் இருந்து றால் நாற்றம் எழும்புகிறது. சுண்ணாம்பு போட்டோம், வேப்பிலை அவித்து ஊற்றினோம், ஃபஹ்மியா உப்பளத்தில் இருந்து இரண்டு மூடை உப்புக் கொண்டுவந்து கொட்டினாள். நாற்றம் பாதிதான் போயிருக்கிறது. மீதிக்கு நாங்கள் பழகிவிடுவோம்.

ஃபஹ்மியாவை உங்களுக்குத் தெரியாது. புருஷன் மவுத்தாகி மூன்று பிள்ளையோடு இருக்கிறாள். பட்டியலில் பதின்மூன்றாவது. ஒரே ஒரு இடத்தால் தவறிப் போனவள். அப்படியிருந்தும் ஒரு நாள் தவறாமல் கல் சுமக்க வருகிறாள். “எனக்குக் கிடைக்காட்டியும் நான் சுமந்த கல்லுல ஆரோ இரிப்பாங்கதானே” என்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும்.

சீட்டுக் குலுக்கினோம். எனக்கு ஏழாம் இலக்கம். சத்தியமாக நான் ஒன்றும் செய்யவில்லை. நான் நின்று உரித்த அதே இடம், அதே வெள்ளை ஓடு. அந்தச் சதுர ஓட்டையை அடைக்கவா என்று றொகான் பாஸ் கேட்டார். வேண்டாம், யன்னலாக்குங்கள் என்றேன். “மேக்க ஹரி பொடியிநே” என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். சின்னது என்றால் சின்னதாகவே இருக்கட்டும் என்றேன். இப்போது அதற்குப் பலகைக் கதவு வைத்திருக்கிறது. திறந்தால் களப்புக் காற்று நேரே முகத்தில் அடிக்கும்.

ஸம்ஹா தன் மேசையை அந்த யன்னலுக்குக் கீழேதான் போட வேண்டும் என்கிறாள். வருகிற மார்ச்சில் ஓ.எல். சோதனை. கிடுகுக்குள் மழைக்காலத்தில் புத்தகம் ஊறுகிறது, அதனால்தான் இந்த அவசரம். செப்டெம்பர் ஐந்து நமக்கு இருபது வருஷம். அன்றைக்கு வாருங்கள். வந்து கதவுக்கு என்ன நிறம் என்று சொல்லுங்கள். பச்சை வேண்டாம், எல்லோரும் பச்சை.

அங்கே நெல்லுக்கும் மிளகாய்க்கும் நீங்கள் போய்வாருங்கள், நான் தடுக்கவில்லை. மாதத்தில் பத்து நாள் இங்கே ஒரு வீட்டில் மனிதர் போலப் படுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

உங்கள் மர்ஷூதா


முசலி
05.09.2024

என் மர்ஷூவுக்கு,

இன்றைக்கு நான் வராததற்கு நீ கோபமாய் இருப்பாய். இதை வாசித்து முடிக்கும்போது கோபம் இருக்காது. உறைக்குள் ஒரு பூட்டின் திறப்பு இருக்கும், விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்.

வீடு முடிந்துவிட்டது. ஓம், வீடு! ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், திரும்பி வந்தவர்களுக்கு வீட்டுத் திட்டம் என்று பதிந்தார்கள். பொம்பிளையின் பெயரில் கேட்டால் முந்திக் கிடைக்கும் என்றார்கள். எனக்கு அது இன்னும் விருப்பமாய்ப் போச்சு. உன் பெயரில் போட்டேன். நீ முன்பு வெட்டச் சொல்லித் தந்த கடிதத்தை நான் கொடுக்கவே இல்லை, பெட்டிக்குள் இருந்தது. நல்லதாய்ப் போச்சு பார்த்தாயா. உன் கையெழுத்தையும் நானே போட்டேன். அகதி முகாமில் நீ காய்ச்சலாய்க் கிடந்த காலத்தில் நிவாரண அட்டைக்கு எத்தனை தரம் போட்டிருப்பேன், என் கைக்கு அது பழக்கம்தானே.

இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஓட்டுக் கூரை. காணிக்கும் அதோடு உறுதிப் பத்திரம் தருகிறார்கள், உன் பெயருக்கு. குசினியில் உன் உயரத்துக்கு அளந்து தட்டு அடித்திருக்கிறேன். அலுமாரி ஒன்று மன்னாரில் வாங்கினேன், கண்ணாடி வைத்தது. இருபது வருஷத்துக்கு உனக்கு நான் ஒன்றும் தரவில்லை என்று இரவில் நினைத்து நினைத்துக் கட்டினேன். செங்கல் சுமக்க ஆள் பிடிக்கவில்லை, நானே சுமந்தேன்.

மகளின் சோதனை முடியட்டும். பிறகு இரண்டு பேரும் வாருங்கள். லோறன்ஸ் லொறியிலேயே சாமான் ஏற்றலாம், கேட்டிருக்கிறேன்.

உன் றிஸ்மின்


கரைத்தீவு
14.09.2024

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். திறப்புக் கிடைத்தது.

உங்கள் கடிதத்தை முதல் தரம் வாசித்தபோது அழுதேன். சந்தோஷத்தில்தான். குசினித் தட்டை என் உயரத்துக்கு அளந்தேன் என்று எழுதியிருந்தீர்களே, நான் இல்லாமல் எதை வைத்து அளந்தீர்கள் என்று ஸம்ஹாவிடம் கேட்டுச் சிரித்தேன். உங்கள் நெஞ்சு வரைக்கும் கையை வைத்து அளந்திருப்பீர்கள், தெரியும். இரண்டாம் தரம் வாசிக்கும்போதுதான் ‘உன் பெயரில் போட்டேன்’ என்ற வரியில் நின்றேன்.

என்ன வேலை செய்துவிட்டீர்கள்!

பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் வேறு எங்கும் அரசாங்க வீடு இல்லை என்று அல்லாஹ்வை முன்வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். மற்றப் பதினொரு பேரையும் வீடு வீடாய்ப் போய்க் குடைந்து கேட்டேன். மூன்று பேரை மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அனுப்பிப் பெயர் வெட்டிக் காகிதம் வாங்கிவரச் செய்தேன். என் பெயரை மட்டும் கேட்டுப் பார்க்கவில்லை. என் புருஷன் சரியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாரே என்று விட்டுவிட்டேன். உங்களிடம் நான் அந்தக் கடிதத்தைக் கேட்டு எழுதியபோதே சொல்லியிருக்கலாமே. என்னைத் திகைக்க வைக்க வேண்டும் என்று இருந்துவிட்டீர்கள். திகைத்துத்தான் போனேன்.

பேசாமல் இருந்துவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். உங்களையும் எங்களையும் லோறன்ஸ் அண்ணனையும் தவிர ஆருக்குத் தெரியும்? பிறகு கல் சுமக்கிற ஃபஹ்மியாவைக் கண்டேன். மற்றப் பதினொரு பேரின் அடுப்பு நினைவுக்கு வந்தது. மூன்றாம் நாள் டிலுக்ஷியிடம் போய்ச் சொன்னேன். அந்தப் பிள்ளை அழுதுவிட்டாள். “அக்கா, டிசெம்பர் முப்பத்தொண்டுக்கு முந்தி அந்த வீடு வேண்டாம் எண்டு எழுதிக் குடுத்துக் காகிதம் கொண்டாங்க, நான் மேல கதைச்சு உங்கட பேரைக் காப்பாத்துறன்” என்றாள்.

விண்ணப்பம் கொடுத்தவர் நீங்கள். நீங்கள்தான் கந்தோரில் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் வந்து நின்று கையெழுத்துப் போடுகிறேன். மச்சான், உங்களுக்கு அது ஊர். எனக்கு ஆறு வயதில் விட்டு வந்த இடம். ஒரு கிணறும், உம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதும்தான் ஞாபகம். என் உம்மாவும் வாப்பாவும் இந்தக் கரைத்தீவு மண்ணில் கிடக்கிறார்கள். மகள் இங்கே பிறந்தவள். நான் கேட்டது பத்து நாள். அதற்கு ஒரு வீடு இங்கே இருக்கட்டும்.

வீட்டை வேண்டாம் என்று எழுதித் தாருங்கள். இருபது வருஷத்தில் உங்களிடம் ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

உங்கள் மர்ஷூதா


முசலி
30.10.2024

மர்ஷூ,

ஆறு கிழமையாகப் பதில் போடவில்லை. லோறன்ஸ் ஒவ்வொரு தரமும் வந்து கையை நீட்டுவார், நான் தலையை ஆட்டுவேன்.

கந்தோருக்கு மூன்று தரம் போனேன். வீட்டை வேண்டாம் என்றால் காணி உறுதியும் இல்லை. இரண்டும் ஒரே கோப்பு. வீடு நிற்காத காணியை வன இலாகாக்காரர் காடு என்று அளந்துவிடுவார்கள். பக்கத்துக் காணியில் அவர்கள் நட்ட எல்லைக் கல்லைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வாப்பாவின் தென்னை அடிக்கட்டை இரண்டு இன்னும் எங்கள் காணிக்குள் இருக்கிறது. அதையும் காடு என்று எழுதுவார்கள்.

இதே கிழமைதான் மர்ஷூ, தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் எங்கள் ஆட்களை ஊரை விட்டுத் துரத்தியது. எனக்கு ஒன்பது வயது. ஒரு உடுப்புப் பையோடு வெளிக்கிட்டோம். வாப்பா கதவைப் பூட்டித் திறப்பை மடியில் வைத்துக்கொண்டார். எட்டு வருஷம் முகாமில் அந்தத் திறப்பை எண்ணெய் போட்டுத் துடைத்தார். மவுத்தாகிற நேரம் என் கையில்தான் தந்தார். கதவே இல்லாத வீட்டுத் திறப்பு. உனக்கு அனுப்பியது புதுத் திறப்பு, ஆனால் அதை உறையில் போடும்போது வாப்பாவுக்குக் கொடுக்கிறது போலத்தான் இருந்தது.

நான் செய்தது பிழை. உன் பெயரை உன்னைக் கேட்காமல் எடுத்தேன், அதற்கு ஆயிரம் தரம் மாப்புக் கேட்கிறேன். ஆனால் வேண்டாம் என்று எழுத என் கை போகுதில்லை. பேனையை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு கந்தோரில் இருந்தேன். கந்தோர் பூட்டும் நேரமாச்சு என்று எழுப்பி அனுப்பிவிட்டார்கள்.

இங்கே வந்துவிடு. நான் வேறு என்ன சொல்ல.

றிஸ்மின்


கரைத்தீவு
19.01.2025

ஸம்ஹாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை வாசித்துக் கோபப்பட முயற்சி செய்தேன். திறப்பைப் பற்றி எழுதாமல் விட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன்.

நவம்பர் மழையில் களப்புத் தண்ணீர் வழக்கம் போல வாசலுக்குள் வந்தது. ஸம்ஹாவின் விஞ்ஞானக் கொப்பி இரண்டு போய்விட்டது. அவள் அழவில்லை. “வாப்பாக்கு அங்க ஒரு வீடு, உம்மாக்கு இங்க ஒரு வீடு, எனக்கு எங்க மேசை போடுற?” என்று கேட்டுவிட்டு, திரும்பவும் எழுதத் தொடங்கினாள்.

டிசெம்பர் கடைசியில் கிராம சேவகர் என்னைக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். நல்ல மனிதர், நல்லதுக்குத்தான் சொன்னார். “தங்கச்சி, புருஷனை விட்டுப் பிரிஞ்சு இரிக்கிறன் எண்டு ஒரு வரி எழுதித் தாங்க. அந்த வீடு அவர்ட, இந்த வீடு உங்கட. அஞ்சு வருஷமா அவர் அங்கதானே. ஆரு பொய் எண்டு சொல்லப்போறாங்க?” என்றார். படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். காரணம் என்று ஒரு கட்டம், அதில் ஒரு வரி. அவ்வளவுதான் என் வீட்டுக்கு விலை.

நான் எழும்பிவிட்டேன். என் புருஷன் காணி பார்க்கப் போயிருக்கிறார், என்னை விட்டுப் போகவில்லை என்றேன். பொய் சொல்லி வாங்கிய வீட்டில் எனக்கு நித்திரை வராது என்றேன். பெரிய கதைதான் கதைத்தேன். வீதிக்கு வந்து பள்ளி மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் சங்கத்தில் எழும்பி எல்லாவற்றையும் சொல்லி, என் பெயரை நானே வெட்டினேன். கடன் நிற்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். பதின்மூன்றாவது ஆளுக்கு ஏழாம் இலக்கம் போனது. ஃபஹ்மியா என் காலைக் கட்டிக்கொண்டு, எனக்கு வேணாம் அக்கா, வேணாம் அக்கா என்று கத்தினாள். வாயை மூடு, மூன்று பிள்ளையை வைத்துக்கொண்டு வேணாம் என்கிற ஆள் நீ மட்டும்தான் என்று ஏசினேன்.

பன்னிரண்டாம் திகதி திறந்தோம். செயலாளர் நான்தானே, பன்னிரண்டு திறப்பையும் என் கையால்தான் கொடுத்தேன். ஹாஜியார் வந்து ஒவ்வொரு கதவையும் தட்டித் தட்டிப் பார்த்தார். எல்லாம் பச்சை. ஏழாம் இலக்கம் மட்டும் நீலம். நீங்கள் நிறம் சொல்லவே இல்லை, நானே தெரிவு செய்தேன், அது இப்போது ஃபஹ்மியாவின் கதவு. அவளுடைய சின்னவன் அந்தச் சின்ன யன்னலில் ஏறி இருந்து எல்லோருக்கும் கை காட்டினான். நானும் காட்டினேன்.

மார்ச்சில் சோதனை. மகளுக்குத் துஆச் செய்யுங்கள்.

மர்ஷூதா


முசலி
02.04.2025

மர்ஷூ,

பெருநாளுக்கு வர வெளிக்கிட்டேன். மதவாச்சி வரைக்கும் வந்தேன். பஸ் மாற வேண்டிய இடத்தில் இறங்கி, ஒரு தேத்தண்ணி குடித்து, திரும்பிவிட்டேன். எந்த முகத்தோடு வர. ஏழாம் இலக்கத்தைத் தாண்டித்தானே உங்கள் குடிலுக்கு வர வேண்டும்.

கந்தோரில் இருந்து வந்தார்கள். வீட்டுக்காரி எங்கே என்று கேட்டார்கள். வருவா என்றேன். ஜூன் முடிவதற்குள் வீட்டுக்காரி வந்து குடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயரை வெட்டி வேறு ஆளுக்குக் கொடுப்பார்களாம். என் பெயருக்கு மாற்ற ஏலாதா என்று கேட்டேன். அதற்கு உன் பக்கத்தில் இருந்து காகிதம் வர வேண்டுமாம். என்ன காகிதம் என்று சொன்னார்கள். அதை நான் எழுதமாட்டேன், உன்னைக் கேட்கவும் மாட்டேன்.

நீ வா. இல்லாவிட்டால் போகட்டும். உன் வீடு போனதற்கு என் வீடு போனால் சரிதானே.

உறைக்குள் ஒரு டொபி வைத்திருக்கிறேன். வேறு ஒன்றும் வைக்கத் தெரியவில்லை.

றிஸ்மின்


கரைத்தீவு
15.06.2025

றிஸ்மினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இருபது வருஷத்தில் முதல்தடவை உங்கள் பெயரை எழுதுகிறேன். எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்து யோசித்து, கடைசியில் பெயரைத்தான் எழுத முடிந்தது.

ஸம்ஹாவின் சோதனை முடிந்தது. கடைசிக் கிழமைகளில் ஃபஹ்மியா அவளைக் கூப்பிட்டு யன்னலுக்குக் கீழே மேசை போட்டுக் கொடுத்தாள். நன்றாக எழுதியிருக்கிறாள் என்றுதான் சொல்கிறாள். உயர்தரத்துக்குப் புத்தளத்தில் சேர்க்கப் போகிறேன்.

போன கிழமை ஹஜ்ஜுப் பெருநாள். போனில் நாம் சத்தம் போட்டு இரண்டு வருஷம். அன்று முழுக்க உங்களை நினைத்தேன். கோபமே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோபம் இருந்த காலத்தில் நீங்கள் பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி இருக்கும், கதவைத் திறந்து ஏசலாம் போல. இப்போது உங்களை நினைக்கும்போது ஒரு நல்ல மனிதர் தூரத்தில் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றுவது தெரிகிறது. அவர் சுகமாக இருக்கட்டும் என்று துஆக் கேட்கிறேன். அதற்குப் பிறகு அடுப்பு வேலையைப் பார்க்கப் போகிறேன்.

வர முடியாது. யோசித்துப் பார்த்தேன், ஸம்ஹாவையும் கேட்டேன். உங்கள் வாப்பா திறப்பைத் துடைத்தது போல நான் உங்களைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அது போதும்.

உங்கள் வீடு போகக் கூடாது. உங்கள் பெயருக்கு மாற்றுகிற காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். கிராம சேவகர் அதே படிவத்தைத்தான் எடுத்து வைத்தார், காரணம் என்ற அதே கட்டம். டிசெம்பரில் எழுதமாட்டேன் என்று எழும்பி வந்த வரியை ஜூனில் எழுதினேன். அவர் தேத்தண்ணி குடிக்கிறீங்களா தங்கச்சி என்று மட்டும் கேட்டார்.

எத்தாளைக் கிட்டங்கிக்குப் பட்டியல் எடுக்கிறார்கள். எட்டு வீடு. இந்தக் காகிதம் இருப்பதால் நானும் பெயர் கொடுக்கலாம் என்று டிலுக்ஷி மெல்லமாகச் சொன்னாள். கொடுத்துவிட்டேன். பொய் சொல்லி வீடு வாங்கமாட்டேன் என்றேன் அல்லவா. இப்போது பொய் இல்லை.

தலாக்கென்று நான் ஒன்றும் கேட்கவில்லை. அதெல்லாம் உங்கள் விருப்பம், அவசரமும் இல்லை. மகள் உங்கள் மகள்தான். லீவுக்கு வருவாள், கிணற்றடியைக் காட்டுங்கள். கண்ணாடி அலுமாரியை அவளுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். குசினித் தட்டைக் கழற்றி உங்கள் உயரத்துக்கு அடியுங்கள், குனிந்து குனிந்து முதுகு போய்விடும்.

டொபி வெயிலில் உருகி உறையோடு ஒட்டியிருந்தது. தாளோடு பிய்த்துத் தின்றேன்.

நீங்கள் அனுப்பிய திறப்பையும் இதற்குள் வைத்திருக்கிறேன். காகிதத்தை நாளைக்கே கந்தோரில் கொடுத்துவிடுங்கள், முன்பு போலப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். கையெழுத்து உங்களுக்குப் பழக்கமானது போலவே இருக்கும். ஆனால் இந்தமுறை அதை நானே போட்டிருக்கிறேன்.

மர்ஷூதா